கருஞ்சிவப்பு ரயில்: ஹான்க்யூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் ஒசாகா, கோபே, கியோட்டோ பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "பளபளவென்று கருஞ்சிவப்பாக ஓடுகிறதே, அது யாருடைய ரயில்?" பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சு வீட்டுக் கடன், நீச்சல் குளம், நாடகம், வெறும் சோறு என்று எங்கெங்கோ போகும். இந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் போகும். ஹான்க்யூ வெறும் ரயில் மட்டும் ஓட்டவில்லை. தண்டவாளத்தின் இரு பக்கமும் இருக்கும் வாழ்க்கையையும் சேர்த்தே உருவாக்கியது. இங்கே அதை 'என்சென்' என்பார்கள், லைனை ஒட்டிய ஊர்கள் என்று பொருள். வீடு தேடுகிறவர்கள்கூட ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் "ஹான்க்யூ என்செனில் கிடைக்குமா?" என்றுதான் கேட்பார்கள்.

ஹான்க்யூ அரசு ரயிலா, மெட்ரோவா?

இரண்டும் இல்லை. தொடங்கிய நாளிலிருந்தே தனியார் கம்பெனி. ஜேஆர் என்பது பழைய தேசிய ரயில்வேயை 1987இல் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது வந்தது. ஹான்க்யூவின் கதை வேறு.

மொத்தப் பாதை 143.6 கிலோமீட்டர். மூன்று பெரிய லைன்களின் வண்டிகளும் ஒசாகா-உமேதா ஸ்டேஷனிலிருந்தே புறப்படுகின்றன. மேற்கே கோபே-சன்னோமியா வரை 32.3 கிலோமீட்டர், வடமேற்கே தகராஸுகா வரை 24.5, வடகிழக்கே கியோட்டோ-கவராமாச்சி வரை 47.7. இவற்றிலிருந்து மினோ, இதாமி, இமாஸு, கோயோ, சென்ரி, அராஷியாமா என்று கிளை லைன்கள் பிரிகின்றன. தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். ஜேஆரின் சாதாரண லைன்களில் அது 1,067தான். ஷின்கன்சென் என்ற அதிவேக ரயிலுக்கும் ஹான்க்யூவுக்கும் ஒரே அகலம் என்பதை நினைவில் வையுங்கள், கீழே ஒரு கதைக்கு அது தேவைப்படும்.

பெயருக்கு என்ன பொருள்?

ஒசாகாவைக் குறிக்கும் 'ஹான்', விரைவு ரயிலைக் குறிக்கும் 'க்யூகோ', இரண்டும் சேர்ந்தது. ஆனால் கம்பெனி பிறந்தபோது வைத்த பெயர் 'மினோ அரிமா மின்சார ரயில்'. மினோ என்பது அருவியும் மேப்பிள் மரங்களும் உள்ள மலையடிவாரம். அரிமா மலைக்குள் இருக்கும் பழம்பெரும் வெந்நீர் ஊற்று ஊர். மினோவுக்கு லைன் போனது, அரிமாவுக்குப் போகவே இல்லை. தகராஸுகாவோடு பாதை நின்றது. 1918இல் கோபேயைக் குறிவைத்துப் பெயரை மாற்றியபோது அரிமா பெயரிலிருந்தும் போய்விட்டது.

யார் தொடங்கினார்கள்? ஊரே இல்லாத வழியில் ஏன் லைன் போட்டார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1907இல் கம்பெனி உருவானபோது நாட்டில் பணமுடை. ரஷ்யாவோடு நடந்த போருக்குப் பிறகு வந்த பங்குச் சந்தைச் சரிவில் முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள். வெளியிட்ட 1,10,000 பங்குகளில் ஏறக்குறைய பாதியை வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில் பொறுப்பெடுத்தவர் கோபயாஷி இச்சிஸோ. 1873 ஜனவரி 3 அன்று யமனாஷி மாகாணத்தில் நிராசாகி என்ற ஊரில் பிறந்தவர். முதல் மாதம், மூன்றாம் தேதி என்பதால் ஒன்று, மூன்று என்ற எண்களையே எழுத்தாக்கிப் பெயர் வைத்துவிட்டார்கள். மிட்சுயி வங்கியில் வேலை பார்த்துவிட்டு, புதிய வேலையை நம்பி ஒசாகா வந்தவர். சந்தை சரிந்ததில் அந்த வேலை கிடைக்காமல் போனது.

லைன் போக வேண்டிய வழியை அவர் கால்நடையாகவே நடந்து பார்த்தார். வழியெல்லாம் வயலும் மேடும்தான். டிக்கெட் வாங்க ஆளே கிடையாது. மற்றவர்களுக்கு அது குறையாகப் பட்டது. அவருக்கோ விலை மலிந்த, காற்றோட்டமான, மலையைப் பார்த்த மனைகளாகத் தெரிந்தது. அன்றைய ஒசாகா தொழிற்சாலைப் புகை சூழ்ந்த நகரம். சம்பளக்காரர்கள் நெருக்கடியான வாடகை வீடுகளில் இருந்தார்கள். அவர்களை இங்கே குடியேற்றினால் தினமும் காலையும் மாலையும் ரயிலேற ஆள் கிடைப்பார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. தண்டவாளம் போடும் முன்பே நிலத்தை வாங்கத் தொடங்கினார்.

1910 மார்ச் 10 அன்று உமேதாவிலிருந்து தகராஸுகா வரையும், இஷிபாஷியிலிருந்து மினோ வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு கோடையில் இகேதா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் முரோமாச்சி குடியிருப்பு விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 100 ட்சுபோ மனை, அதாவது 330 சதுர மீட்டர். அதில் தோட்டத்தோடு மாடி வீடு, விலை சுமார் 2,500 யென். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியை மாதம் 24 யென் வீதம் 10 ஆண்டுகளில் அடைக்கலாம். மாதச் சம்பளக்காரர் சொந்த வீடு வாங்கும் வழியை ஒரு ரயில் கம்பெனி திறந்துவிட்டது. எந்த இடத்தில் மனை வாங்கலாம், எப்படிப்பட்ட வீட்டில் வாழலாம் என்று விளக்கும் கையேட்டையும் முன்னதாகவே அச்சிட்டு ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள்.

முரோமாச்சி இன்றும் குடியிருப்பாகவே இருக்கிறது. இகேதாவில் இறங்கி மேற்குப் பக்கம் சில நிமிடங்கள் நடந்தால் போதும். கட்டம் போட்ட நேரான தெருக்கள், மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் பைன் மரங்கள். வீடுகள் பெரும்பாலும் மாறிவிட்டன, தெருவின் அமைதி அப்படியே இருக்கிறது.

தகராஸுகா நாடகக் குழுவுக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு?

காலையில் நகரத்துக்குப் போகிற வண்டி நிறையும், அதே வண்டி திரும்பி வரும்போது காலி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் காலி. ஆகவே லைனின் மறுமுனையிலும் ஆட்களை இழுக்க ஏதாவது வேண்டும். மினோவில் மிருகக்காட்சிசாலை வைத்துப் பார்த்தார்கள், அது 1916இல் மூடப்பட்டது. தகராஸுகாவில் 1911இல் புதிய வெந்நீர்க் குளியல் நிலையம் கட்டினார்கள். அது ஓடியது. மறு ஆண்டே பக்கத்தில் மேல்நாட்டுப் பாணியில் உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றும் எழுந்தது.

குளம் தோற்றது. தண்ணீரைச் சூடாக்க ஏற்பாடில்லை, வெயிலும் உள்ளே விழாது. உடம்பு நடுங்கியது. போதாக்குறைக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்த அன்று அனுமதி கிடையாது. கட்டிய கட்டடத்தை என்ன செய்வது? தொட்டியின் மேல் பலகை அடித்துப் பார்வையாளர் இருக்கை ஆக்கினார்கள். உடை மாற்றும் அறை மேடையாயிற்று. 1913இல் 16 சிறுமிகளைச் சேர்த்துப் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. 1914 ஏப்ரல் 1 அன்று அந்தக் குளத்தின் மேல் முதல் நிகழ்ச்சி நடந்தது.

இன்று உலகறிந்த தகராஸுகா கலைக்குழு பிறந்தது அப்படித்தான். ஆண் வேடம் உட்பட எல்லா வேடமும் பெண்களே. பூ, நிலா, பனி, விண்மீன், பிரபஞ்சம் என்று ஐந்து அணிகள். இன்றும் இது ஹான்க்யூவின் சொந்தக் குழு. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் தகராஸுகா ஸ்டேஷனில் நின்றால், கையில் நிகழ்ச்சி மலரோடும் கண்ணில் ஈரத்தோடும் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் ரயிலேறுவதைப் பார்க்கலாம்.

ஸ்டேஷன் மேலேயே டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டும் வழக்கம் இவர்களுடையதா?

ஆமாம், ரயில் கம்பெனி தானே கடை நடத்தும் வழியைக் காட்டியவர்கள் இவர்கள். முதலில் 1920இல் உமேதா ஸ்டேஷன் கட்டடத்தின் கீழ்த்தளத்தை வேறொரு கடைக்கு வாடகைக்கு விட்டு, வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கவனித்தார்கள். பிறகு 1925இல் தாங்களே சந்தை வைத்தார்கள். 1929 ஏப்ரல் 15 அன்று எட்டு மாடி ஹான்க்யூ டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்தது. பழைய பெரிய கடைகள் பட்டு வியாபாரத்திலிருந்து வளர்ந்தவை. இங்கே அன்றாடம் ரயிலேறுகிறவருக்குத் தேவையான சாமான்தான் முக்கியம்.

மேல்மாடிச் சாப்பாட்டுக் கூடம் அந்தக் கடையின் உயிர். 20 சென்னுக்கு (100 சென் ஒரு யென்) மேல்நாட்டுப் பாணிக் குழம்புச் சோறு. கடும் பொருளாதார மந்தம் வந்த ஆண்டுகளில் இளைஞர்கள் கையில் அந்தக் காசும் இல்லை. 5 சென்னுக்கு ஒரு தட்டு வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையில் இருந்த சாஸை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள். அதற்கு 'ஸோ-ரைஸ்' என்று பெயரே வந்துவிட்டது. சாஸ் தீர்கிறதே என்று ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். கோபயாஷியோ வெறும் சோறு மட்டும் கேட்கும் வாடிக்கையாளர்களை வரவேற்கிறோம் என்று அறிவிப்பு வைக்கச் சொன்னார். ஊறுகாயும் சேர்த்து வைக்கச் செய்தார். இன்று இவர்களிடம் காசு இல்லை, நாளை கல்யாணமாகிக் குழந்தை குட்டிகளோடு இங்கேதான் வருவார்கள் என்று அவர் ஊழியர்களிடம் சொன்னதாக ஒசாகாக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்க இந்த லைனில் இருக்கப் போகிறவர் என்று பார்த்தால்தான் அப்படிச் சொல்ல வரும்.

பழைய ஸ்டேஷன் கட்டடத்தின் நுழைவுக் கூடத்தில், வளைந்த கூரையில் கட்டடக் கலைஞர் இத்தோ சூத்தா அமைத்த மொசைக் ஓவியங்கள் இருந்தன. கட்டடத்தை இடித்தபோது அவற்றைப் பத்திரமாக எடுத்து, இப்போதைய ஸ்டோரின் 13ஆம் மாடி உணவகத்தில் பதித்திருக்கிறார்கள். பார்க்காமல் வராதீர்கள்.

கோபேக்கு ஏற்கனவே ரயில் இருந்ததே, இவர்களுக்கு அங்கே என்ன வேலை?

இருந்தது. தேசிய ரயில்வேயும் இருந்தது, 1905 முதல் ஹான்ஷின் கம்பெனியின் மின்சார ரயிலும் இருந்தது. ஹான்ஷின் கடலோர ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். 1920 ஜூலை 16 அன்று ஹான்க்யூ மலையோரமாக, வளைவுகள் குறைந்த நேரான பாதையில் கோபே லைனைத் திறந்தது. அன்று ஆள் நடமாட்டம் குறைந்த பகுதி அது. அதனால் விளம்பரத்திலேயே உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்: அழகானது, வேகமானது, காலியாக இருக்கும், வெளியே பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, குளுமையான ரயில். காலியாக இருப்பதையே பெருமையாகச் சொன்ன அந்த விளம்பரத்தை ஜப்பானிய ரயில் பிரியர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பிறகு அந்தக் காலி இடம் நிரம்பியது. ஆஷியாகாவா, ஷுகுகாவா, ஒகமோட்டோ எல்லாம் வசதியான குடியிருப்புகள் ஆயின. நகரத்தின் நடுவே சன்னோமியாவுக்கு ரயில் நுழைந்தது 1936இல்தான்.

கியோட்டோ லைன் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே?

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அது பிறப்பிலேயே வேறு வீட்டுப் பிள்ளை. கெய்ஹான் என்ற போட்டிக் கம்பெனி 'ஷின்கெய்ஹான்' என்ற பெயரில் வளர்த்த லைன் அது. கியோட்டோவின் சாயின், ஓமியா இடையே 1931இல் திறந்த அதன் சுரங்கப் பாதைதான் ஒசாகா, கியோட்டோ, கோபே அடங்கிய கான்சாய் பகுதியின் முதல் நிலத்தடி ரயில். போர்க்கால நெருக்கடியில் 1943இல் ஹான்க்யூவும் கெய்ஹானும் ஒன்றாக்கப்பட்டன. 1949இல் கெய்ஹான் தனியே பிரிந்து போனபோது இந்த லைன் மட்டும் ஹான்க்யூவிடமே தங்கிவிட்டது.

அந்தப் பிறவிக் குறி இன்றும் தெரியும். கியோட்டோ லைனின் பெட்டிகள் சற்றே அகலம். உமேதாவுக்கு அடுத்த நகாட்சு ஸ்டேஷனில் கோபே, தகராஸுகா லைன்களுக்குத்தான் பிளாட்பாரம் உண்டு. 1959இல் அங்கே ஆறு தண்டவாளங்கள் ஆனபோது, புதிதாகப் போட்ட இரண்டின் ஓரத்தில் பிளாட்பாரம் வைக்கவில்லை. கியோட்டோ வண்டிகள் எல்லாம், சாதாரண வண்டிகூட, அதைத் தாண்டிப் போய்விடும். நகாட்சுவில் இறங்க வேண்டியவர் கியோட்டோ லைனில் வந்தால் ஜூஸோவில் மாற வேண்டும்.

ஹான்க்யூ ரயில் ஷின்கன்சென் பாதையில் ஓடியது உண்மையா?

உண்மை. கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே கம்மாக்கி, மினாசே, ஓயமாஸாகி பக்கம் ஷின்கன்சென்னுக்கு உயர்ந்த மண்கரை கட்ட வேண்டியிருந்தது. அங்கே நிலம் இளகியது. பக்கத்தில் அத்தனை பாரம் ஏற்றினால் தாழ இருந்த ஹான்க்யூ பாதை அமிழ்ந்துவிடும் என்று அஞ்சினார்கள். ஹான்க்யூவையும் அதே உயரத்துக்குத் தூக்குவது என்று முடிவாயிற்று. அந்த வேலை நடந்த மாதங்களில் ஹான்க்யூ வண்டிகளுக்கு வழி? முதலில் கட்டி முடித்த ஷின்கன்சென் தண்டவாளத்திலேயே ஓட்டினார்கள். இரண்டுக்கும் 1,435 மில்லிமீட்டர் அகலம் என்பதால் முடிந்தது. இது நடந்தது 1963இல். ஷின்கன்சென் மக்களுக்காகத் திறந்தது 1964 அக்டோபரில். அந்தப் பாதையில் டிக்கெட் வாங்கிப் போன முதல் பயணிகள் ஹான்க்யூவில் வேலைக்குப் போன சாதாரணச் சனங்கள்!

ஏன் எல்லா வண்டியும் ஒரே நிறம்?

கருஞ்சிவப்பு, தொடக்க காலத்திலிருந்தே இந்தக் கம்பெனியின் நிறம். 'ஹான்க்யூ மெரூன்' என்றாலே இங்கே நிறத்தின் பெயர். மற்ற கம்பெனிகள் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளுக்கு மாறி, வண்ணம் பூசுவதையே விட்டபோதும் ஹான்க்யூ விடவில்லை. அலுமினியப் பெட்டியாக இருந்தாலும் முழுக்கப் பூசுகிறார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும் உங்கள் முகமே பெட்டியின் பக்கத்தில் தெரியும்.

உள்ளே ஏறிப் பாருங்கள். சுவரெல்லாம் மர ரேகை போட்ட பலகைத் தோற்றம். இருக்கை ஆலிவ் காயின் பச்சை, அங்கோரா ஆட்டு ரோமத்தில் நெய்த துணி. கையை ஒரு பக்கம் தடவினால் வெளிர்ந்து பொன் பூத்த மாதிரி ஆகும், எதிர்ப் பக்கம் தடவினால் கருத்துவிடும். என் பக்கத்து இருக்கைக் குழந்தை ஒன்று விரலால் அதில் கோடு போடுவதும் அழிப்பதுமாக ஜூஸோவிலிருந்து ஒகமோட்டோ வரை சத்தமில்லாமல் வந்தது. பழைய பெட்டிகளில் ஜன்னல் மறைப்பும் தனி. மேலிருந்து இறக்கும் திரை கிடையாது. கீழேயிருந்து மேலே இழுத்து மாட்டும் அலுமினியப் பட்டைக் கதவு. வெயில் கோடு கோடாக மடியில் விழும்.

உமேதா ஸ்டேஷனில் அப்படி என்ன விசேஷம்?

ஒரே வரிசையில் 9 தண்டவாளங்கள், 10 பிளாட்பாரங்கள். எல்லாம் அங்கேயே முடிகிற முட்டுப் பாதை. 1, 2, 3 கியோட்டோ லைன், 4, 5, 6 தகராஸுகா லைன், 7, 8, 9 கோபே லைன். மற்ற ரயில்களில் 'பன்சென்' என்று எண் சொல்வார்கள், இங்கே 'கோசென்' என்பார்கள். பழைய ஸ்டேஷன் ஜேஆர் பாலத்துக்குத் தெற்கே நெருக்கடியில் இருந்தது. நீளமான வண்டிக்கு இடம் போதாமல் 1966 முதல் 1973 வரை கட்டம் கட்டமாக வடக்கே நகர்த்தினார்கள். நகர்ந்ததால் கூடிப்போன நடை தூரத்துக்கு 1967இல் நகரும் நடைபாதை போட்டார்கள். ஜப்பானில் அதுதான் முதல்.

இன்னொன்றும் அதே 1967இல் வந்தது. சென்ரி புதுநகரத்தின் கிதா-சென்ரி ஸ்டேஷனில் டிக்கெட்டைத் தானே படித்துத் திறக்கும் கதவுகள். இன்று ஜப்பான் முழுக்கப் பார்க்கும் தானியங்கிக் கதவுகளின் முன்னோடி அது. எஸ்கலேட்டரில் இடப் பக்கம் வழி விடுங்கள் என்று உமேதாவில் அறிவிக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஒசாகாக்காரர் வலப் பக்கம் நிற்கும் பழக்கத்துக்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். இப்போதோ எஸ்கலேட்டரில் நடக்காதீர்கள், நின்றே போங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

நேரம் இருந்தால் பகலில் மணி அடிக்கும் நேரத்துக்கு அங்கே போங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று லைன் வண்டிகளும் ஒரே நொடியில் புறப்படும். யோதோ ஆற்றுப் பாலத்தில் மூன்றும் தோளோடு தோள் உரசுவது போல ஓடும். பக்கத்து வண்டியில் செய்தித்தாள் படிப்பவரின் மூக்குக் கண்ணாடிகூடத் தெரியும். ஜூஸோவில் மூன்றும் பிரியும். கோபே வண்டியில் ஏறினால் வலப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள்.

'தொக்யூ'வில் ஏற தனிக் கட்டணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். 'தொக்யூ' என்றால் அதிவிரைவு வண்டி. சில தனியார் ரயில்களிலும் ஜேஆரிலும் அதற்குக் கூடுதல் டிக்கெட் வாங்க வேண்டும், ஹான்க்யூவில் சாதாரண டிக்கெட்டே போதும். 2023 ஏப்ரல் முதல் உமேதாவிலிருந்து சன்னோமியாவுக்கு 330 யென், கியோட்டோ-கவராமாச்சிக்கு 410 யென். இதில் 10 யென், லிஃப்ட், பிளாட்பாரத் தடுப்புக் கதவு போன்ற வசதிகளுக்காகச் சேர்த்தது.

ஒரே விலக்கு, 2024 ஜூலையில் கியோட்டோ லைனில் வந்த 'பிரைவேஸ்'. 8 பெட்டி வண்டியில் ஒரு பெட்டி மட்டும் முன்பதிவு இருக்கை, கூடுதலாக 500 யென். சூட்கேஸோடு வரும் பயணிக்கும், நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்ந்தவருக்கும் அது தகும். மற்றபடி தேவையில்லை.

இகோகா போன்ற, முன்னால் பணம் ஏற்றும் பயண அட்டைகள் எல்லாம் செல்லும். இந்தப் பகுதிக்கே உரிய 'பித்தாப்பா' அட்டை 2004இல் வந்தது. முன்னால் பணம் ஏற்றத் தேவையில்லை, பயணம் செய்துவிட்டால், மாதக் கணக்கு முடிந்த பிறகு வங்கிக் கணக்கிலிருந்து போகும்.

எந்த வண்டியில் ஏறுவது என்று குழப்பமாக இருக்கிறது.

பெயர்ப் பலகையில் 'ஃபுட்சு' என்றால் எல்லா இடத்திலும் நிற்கும். 'க்யூகோ' விரைவு, 'தொக்யூ' அதைவிட விரைவு. 'ஜுன்' என்று ஒட்டி வருபவை இடைப்பட்ட வகைகள், 'ட்சூகின்' என்று ஒட்டி வருபவை அலுவலக நேரத்து வகைகள். கோபே தொக்யூ ஜூஸோ, நிஷினோமியா-கிதாகுச்சி, ஷுகுகாவா, ஒகமோட்டோ ஆகிய நான்கு இடத்தில்தான் வழியில் நிற்கும், 27 நிமிடத்தில் போய்ச் சேரும். கியோட்டோ தொக்யூ முக்கால் மணிக்குள். அராஷியாமா மூங்கில் தோப்புக்குக் கத்சுராவில் மாறுங்கள். தகராஸுகா லைனில் பகலில் க்யூகோதான், அதுவும் தொயோநாகாவைத் தாண்டினால் எல்லா இடத்திலும் நிற்கும்.

2019 அக்டோபரில் உமேதா 'ஒசாகா-உமேதா' ஆனது, கவராமாச்சி 'கியோட்டோ-கவராமாச்சி' ஆனது. பழைய வழிகாட்டிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் தடுமாற வேண்டாம்.

ஒசாகாவிலிருந்து கோபேக்கு எதில் போகலாம்?

மலை ஓரம் ஹான்க்யூ, நடுவே ஜேஆர், கடல் ஓரம் ஹான்ஷின். மூன்றும் பக்கம் பக்கமாகவே போகின்றன. கோபேயில் திசை சொல்வதுகூட மலைப் பக்கம், கடல் பக்கம் என்றுதான். அவசரம் என்றால் ஜேஆர் சில நிமிடம் முந்தும். என்னைக் கேட்டால் ஹான்க்யூ. கட்டணம் குறைவு, ரொக்கோ மலை வழி நெடுகத் துணைக்கு வரும். ஷுகுகாவா ஸ்டேஷன் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது, ஏப்ரல் தொடக்கத்தில் கரையெல்லாம் செர்ரிப் பூ.

விமான நிலையத்துக்குப் போகுமா?

நேராகப் போகாது. இதாமி விமான நிலையத்துக்கு, தகராஸுகா லைனில் ஹோதாருகாயிகே வரை போய் மோனோரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். பெயரைப் பார்த்து இதாமி லைனில் ஏறிவிடாதீர்கள், அது ஊருக்குத்தான் போகும்.

எல்லா இருக்கையும் முன்னுரிமை இருக்கையாக இருந்தது என்கிறார்களே?

1999இல் முதியோர், கர்ப்பிணிகளுக்கான தனி இருக்கையை எடுத்துவிட்டு, எல்லா இருக்கையும் அவர்களுக்குத்தான் என்று அறிவித்தார்கள். எண்ணம் உயர்ந்தது. ஆனால் எல்லாரும் எழ வேண்டும் என்றால் யாருமே எழுவதில்லை. வேண்டியவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற குரல் தொடர்ந்ததால் 2007இல் பழையபடி தனி இருக்கையைக் கொண்டுவந்தார்கள். எட்டு ஆண்டு முயன்று பார்த்ததை நான் மதிக்கிறேன்.

1995 நிலநடுக்கத்தில் என்ன ஆனது?

ஜனவரி 17, விடிகாலை 5.46. இதாமியில் உயர்பாதை மேல் இருந்த ஸ்டேஷன் வண்டியோடு சரிந்தது. சன்னோமியாவில் 1936இல் கட்டிய, ரயில் நுழையும் பெரிய வளைவு வாசல் கொண்ட ஹான்க்யூ கட்டடம் இடிக்கப்பட வேண்டியதாயிற்று. நிஷினோமியா-கிதாகுச்சிக்கும் ஷுகுகாவாவுக்கும் இடையே உயர்பாதை விழுந்தது. கோபே லைன் முழுவதும் மீண்டும் இணைந்தது ஜூன் 12 அன்று, 146 நாள் கழித்து. இதாமி ஸ்டேஷனை மறுபடி கட்டியபோது மாற்றுத்திறனாளிகளிடமும் கருத்துக் கேட்டுத் திட்டமிட்டார்கள். தடையில்லா ஸ்டேஷனுக்கு அது முன்மாதிரி ஆயிற்று. சன்னோமியாவில் 2021இல் திறந்த புதிய உயரக் கட்டடத்தின் அடிப்பகுதியில் பழைய வளைவின் சாயலை வைத்திருக்கிறார்கள். பழைய வாசலைப் பார்த்து வளர்ந்த கோபேக்காரர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

ஹான்ஷினும் ஹான்க்யூவும் ஒரே கம்பெனியா?

பரம்பரைப் போட்டியாளர்கள். முதலீட்டு நிதி ஒன்று ஹான்ஷின் பங்குகளைக் குவித்து வாங்கிய சிக்கலில், 2006 அக்டோபரில் இருவரும் ஒரே குடைக் கம்பெனிக்குள் வந்தார்கள். வண்டி, நிறம், ஊழியர் சீருடை எல்லாம் இன்றும் தனித்தனி.

பேஸ்பாலிலும் இவர்கள் பெயர் வருகிறதே?

ஜப்பானே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் போட்டி, இப்போது அது நடக்கும் ஹான்ஷினின் கோஷியென் மைதானத்தில் பிறக்கவில்லை. 1915இல் முதல் போட்டி நடந்தது இவர்களின் தொயோநாகா மைதானத்தில். அடுத்த ஆண்டும் அங்கேதான். பிறகு ஹான்ஷின் பக்கம் போய்விட்டது. 1936இல் சொந்தத் தொழில்முறை அணியும் வைத்தார்கள், ஹான்க்யூ பிரேவ்ஸ். 1975 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து ஜப்பான் சாம்பியன். 1988இல் அதை விற்றார்கள், இன்றைய ஓரிக்ஸ் அணியின் வேர்களில் ஒன்று அது. அவர்களின் நிஷினோமியா மைதானம் இருந்த இடத்தில் இப்போது பெரிய வணிக வளாகம் நிற்கிறது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த லைனில் போவது?

இமாஸு லைன். நிஷினோமியா-கிதாகுச்சியிலிருந்து தகராஸுகா வரை கால் மணி நேரப் பயணம். உள்ளூரில் அந்த ஸ்டேஷனை 'நிஷிகிதா' என்றே சுருக்கிச் சொல்வார்கள், அப்படிச் சொல்லி வழி கேளுங்கள். ஒரு காலத்தில் கோபே லைனும் இமாஸு லைனும் அங்கே தரை மட்டத்திலேயே நேர்க்குறுக்காக வெட்டிக்கொண்டன. தொக்யூ அந்தக் குறுக்குத் தண்டவாளத்தைக் கடக்கும் தடதட ஓசை ஊருக்கே அடையாளம். வண்டிகள் நீளமாக வேண்டி, 1984இல் அதை எடுத்துவிட்டு இமாஸு லைனை இரண்டாக வெட்டினார்கள். எடுத்த தண்டவாளத் துண்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். இரும்பு தேய்ந்து பளபளத்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

பிறகு வண்டியேறுங்கள். நிகாவா, ஒபயாஷி, சகாசேகாவா என்று மலையடிவாரத்தில் ஊர்ந்து போகும். கடைசியில் முகோ ஆற்றைக் கடக்கும்போது பெரிய சிவப்பு ஓட்டுக் கூரை தெரியும், அதுதான் நாடக அரங்கு. திரும்பும்போது தகராஸுகா லைனைப் பிடித்து வழியில் இகேதாவில் இறங்கி, முரோமாச்சித் தெருக்களில் அரை மணி நேரம் நடந்துவிட்டு உமேதாவுக்கு வாருங்கள். இருட்டுவதற்குள் வந்தால் யோதோ ஆற்றுப் பாலத்தில் வெயில் அந்தப் பச்சை இருக்கைகளின் மேல் விழும்.